உன் மேல் தப்பில்லை

அன்புத் தங்கத்துக்கு,

நான் நலம். உன் கால் வீக்கம் வடிந்ததா? ஐந்தாம் மாதம் ஆகிவிட்டது, வாந்தி நின்றிருக்குமே?

நேற்று ஆய்வகத்தில் கண்ணாடிக் குடுவை கழுவும்போது ஒன்று உடைந்து விரலைக் கீறிவிட்டது. பயப்படாதே, சின்னக் காயம்தான். கட்டுப் போட்டுவிட்ட டாக்டரம்மா கர்ப்பத்தைப் பற்றித்தான் ஆராய்ச்சி செய்கிறார். "என் உடம்பே ரெண்டு பிள்ளையையும் விரட்டிடுச்சு" என்று, முன்பு இரண்டு முறை கலைந்தபோது நீ அழுததை அவரிடம் சொன்னேன்.

"பிள்ளையில பாதி அப்பாவோடது. வெளியாள்னு நினைச்சு அம்மாவோட எதிர்ப்பு சக்தி அதைத் தாக்கிடாம, சில மூலக்கூறுகள் சேர்ந்து அந்தச் சக்தியை அடக்கி வைக்குது. ஒண்ணு இன்னொண்ணைத் தூண்டிவிடும். எங்க பிசகுதுன்னு நாங்களே இன்னும் தேடிக்கிட்டிருக்கோம். இதுல உங்க சம்சாரம் மேல என்ன தப்பு?" என்றார்.

மிச்சக் குடுவைகளைக் கழுவும்போது கண் நிறைந்துவிட்டது. நல்லவேளை, பக்கத்தில் யாருமில்லை.

அறையிலும் பேச ஆளில்லை. அடுத்த ஸ்கேனில் பிள்ளையின் இதயத் துடிப்பைப் போனில் பதிந்து அனுப்பு. உன் பழைய சேலை ஒன்றும் வேண்டும். இங்கே கொடுத்த போர்வை குத்துகிறது.

வேலைக்குப் போகும் பஸ் வந்துவிட்டது. இதை வயிற்றில் கை வைத்துச் சத்தமாகப் படி. அப்பா பேசுவதாக அது நினைத்துக்கொள்ளட்டும்.

உன்னவன்