திருப்பதியில் மாட்டப்போகும் என் படம்

சித்தூர்,
11-11-1974

தேவ கிருபையால் சுகமாயிருக்கும் அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு, தபீதாள் எழுதிக்கொள்வது. அம்மாவுக்கு நேற்றிலிருந்து காய்ச்சல் இல்லை. கொஞ்சம் கஞ்சி குடித்தார்கள். என்னைப் பெற்ற நைனா போய் இரண்டு மாதமாகியும் அம்மா அவர் நாற்காலியில் யாரையும் உட்காரவிடுவதில்லை. தம்பி அசரியாவுக்குப் புத்தலப்பட்டுப் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்திருக்கிறது.

சூளூர்பேட்டையிலிருந்து நீங்கள் போட்ட கடிதம் வந்தது. நைனாவின் சாவு வீட்டில் நான் அழுததை எடுத்தீர்களே, அந்தப் படத்துக்கு முதல் பரிசு என்றும், சனிக்கிழமை திருப்பதிக் கண்காட்சியில் கதவளவு பெரிதாக்கி மாட்டுகிறார்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். மூன்று பக்கத்தில் அம்மா எப்படி இருக்கிறார்கள் என்று ஒரு வரி இல்லை. சந்தோஷத்தில் மறந்திருப்பீர்கள்.

அந்தச் சந்தோஷம் எனக்குத் தெரியாது என்று நினைக்காதீர்கள். பழவேற்காடு ஏரிக்குக் கூட்டிப்போய் ஒருநாள் கேமராவை என் கையில் கொடுத்தீர்கள். பறவைகளை எல்லாம் விட்டுவிட்டு, சேற்றில் ஒற்றைச் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த உங்களைத்தான் எடுத்தேன். படம் கழுவி வந்த அன்று எத்தனை தடவை பார்த்துச் சிரித்திருப்பேன்! என் கண்ணில் பட்டதை அப்படியே இன்னொருவருக்குக் காட்ட முடிகிறதே என்று இருந்தது. அடுப்படியே கதியென்று கிடந்தவளுக்கு அது சின்ன விஷயமில்லை. ஆகவே நான் கேமராவோடு சண்டைக்கு வரவில்லை.

சவப்பெட்டியை மூடும் முன் எல்லோரும் சுற்றி நின்று படம் எடுத்துக்கொள்வது நம் சபையில் வழக்கம்தான். அதற்கென்று வந்த ஸ்டுடியோக்காரர் முனிரத்தினத்தை நீங்கள் திருப்பி அனுப்பினீர்கள். வெளிச்சம் போதாது என்று நைனாவின் பெட்டியை மூன்று தடவை இடம் மாற்றச் சொன்னீர்கள். மாப்பிள்ளை சொல்லை யார் தட்டுவார்கள்? கோயில் மணி அடித்து ஓய்ந்தது. போதகர் வேதப்புத்தகத்தோடு வெயிலில் நின்றார். அசரியா என் காதில், “மாமா இன்னா, கல்யாணம்னு நெனச்சிக்கினு கீறாரா?” என்றான். உங்களைச் சொன்னதற்காக அவனை அதட்டினேன். இப்போது அவன் முகத்தைப் பார்க்க வெட்கமாயிருக்கிறது.

தலை அவிழ்ந்து, மாராப்பு விலகி, வாய் கோணி அழுகிற என்னை ஊரெல்லாம் நின்று பார்க்க வேண்டுமா? என்னை ஒரு வார்த்தை கேட்டீர்களா?

என் நீட்டிய கையை நடுவர்கள் புகழ்ந்தார்களாம், அது கடவுளிடம் நியாயம் கேட்கிற கையாம். எண்பது வயதில் நைனாவை எடுத்துக்கொண்ட கடவுளோடு எனக்கு என்ன வழக்கு? பெட்டியை மூட மூடியைத் தூக்கியதும் எனக்குக் கால் மடங்கியது. எதிரே நீங்கள்தான் நின்றீர்கள். உங்களைப் பிடித்துக்கொள்ளத்தான் கையை நீட்டினேன். கை முழுவதும் படத்தில் விழ வேண்டுமென்று நீங்கள் ஓரடி பின்னால் போனீர்கள். பக்கத்து வீட்டு ரத்னம்மா ஓடிவந்து என்னைத் தாங்கினாள்.

சனிக்கிழமைக்கு முன்னால் திருப்பதிக்குப் போய் அந்தப் படத்தைத் திரும்ப வாங்கிவிடுங்கள். அதற்கு மனம் வராவிட்டால் கிறிஸ்துமஸுக்கும் இங்கே வரவேண்டாம். நான் அம்மாவோடு இருந்துகொள்கிறேன். வாங்கிவிட்டால் அங்கிருந்தே சித்தூர் பஸ் ஏறுங்கள். கர்த்தர் உங்களை வழியில் காப்பாராக. புறப்படும்போதே கேமராவை வீட்டிலேயே வைத்துவிட்டு, கைவீசிக்கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
இன்னும் உங்கள்,
தபீதாள்