படுத்துப் பார்த்த வண்டி

மார்ச் 4, செவ்வாய்

அம்மா இன்னும் ஆஸ்பத்திரியில்தான். முகம் வீங்கி, கண்கள் இரண்டும் கோடு மாதிரி ஆகிவிட்டன. மூச்சு மட்டும் நேற்றைவிடப் பரவாயில்லை.

சனிக்கிழமை மாமாவின் அடக்கத்துக்கு ஊருக்குப் போனோம். ஞாயிறு திரும்பும்போது வறண்ட மணலாற்றில் எங்கள் கார் வயிறுவரை புதைந்துவிட்டது. நானும் மகள் கெய்ஷாவும் வேலங்கிளைகளை ஒடித்து டயருக்கடியில் போட்டுப் போட்டுப் பார்த்தோம். கிளைதான் நசுங்கியது. கடைசியில் இன்ஜினிலிருந்து புகை வந்து, அதோடு கதை முடிந்தது. திங்கள் காலை ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் அம்மாவுக்கு டயாலிசிஸ். வாரத்துக்கு மூன்று முறை இயந்திரம் ரத்தத்தைக் கழுவித் தந்தாக வேண்டும், ஒன்று தவறினாலும் நெஞ்சில் தண்ணீர் ஏறிவிடும். திங்கள் மதியம்தான் ரோடு போடுகிறவர்கள் எங்களைப் பார்த்தார்கள். அப்புறம் ஆஸ்பத்திரி விமானம் வந்து அம்மாவைத் தூக்கிப் போனது.

சின்ன வயசு டாக்டர் ஒருத்தர் கேட்டார்: "அந்த ரோட்டுக்கு இந்தக் காரை எடுத்துக்கிட்டு ஏன் போனீங்க?"

கூடப் பிறந்த அண்ணனை மண்ணில் வைக்கும்போது அம்மா வேறு எங்கே இருக்க வேண்டும்? அதை எப்படிச் சொல்வது? "சரி டாக்டர்" என்றேன்.

மார்ச் 7, வெள்ளி

அம்மா வீட்டுக்கு வந்துவிட்டார். வாசல் வேப்பமரத்தடியில் மெத்தை போடச் சொன்னார். வெயிலில் வேண்டாம் என்றால் கேட்டால்தானே.

தம்பி டெரன்ஸ் ஊரிலிருந்து வந்திருக்கிறான். "அக்கா, இனிமே இந்தத் தகர டப்பாவெல்லாம் வேணாம். நாலு சக்கரமும் இழுக்கணும். பழசா இருந்தாலும் பரவால்ல, நல்லதா ஒண்ணு பாத்துடலாம்" என்றான். நான் ஆறு பேர் உட்காரணும் என்றேன். அவன் டீசல்தான் என்றான். கெய்ஷா ஏசி என்றாள்.

அம்மா கண்ணை மூடிக்கொண்டே சொன்னார்: "ஊருக்குப் போற வண்டியா வாங்குங்க."

மூன்று வருஷமாக ஆலிஸில் இருக்கிறார், இயந்திரம் இங்கே இருப்பதால். ஊரில் இயந்திரம் கிடையாது. ஊருக்கும் அப்பால் இருக்கும் அவர் பிறந்த இடத்தில் — ரெண்டாம் கிணற்றில் — ஒரு தகரக் கொட்டகையும் ஒரு குழாயும்தான்.

மார்ச் 15, சனி

பெரிய கார் விற்பனைக் கொட்டகை. அரை மணி நேரம் நின்றோம், எங்கள் பழங்குடி முகங்களைப் பார்த்து ஒருத்தரும் கிட்டே வரவில்லை. எங்களுக்கு அப்புறம் வந்த வெள்ளைக்காரக் குடும்பத்தின் கையில் சாவியே கொடுத்துவிட்டார்கள். எங்களிடம் முதலில் லைசென்ஸ் கேட்டார்கள், நகல் எடுக்க. எடுத்தபிறகு, "இன்னிக்கு ஓட்டிப் பாக்க முடியாது, ஆளில்ல" என்றார்கள்.

டெரன்ஸ் வெள்ளி நிற வண்டி ஒன்றில் மயங்கிவிட்டான். ஏழு சீட், தோல் உறை, முன்னால் முட்டுக்கம்பி. ஜன்னலில் முகம் பார்த்துத் தலை கோதினான்.

"உனக்கு வண்டி வேணுமா, மூஞ்சி பாக்கக் கண்ணாடி வேணுமாடா?" என்றார் அம்மா. கெய்ஷா தரையில் உட்கார்ந்து சிரித்தாள்.

ஆனால் அம்மாவால் அந்தப் படியில் கால் வைக்க முடியவில்லை. முழங்காலைத் தூக்கிக்கொண்டு கதவைப் பிடித்தபடி நின்றார். நான் இடுப்பைத் தாங்கினேன். முடியவில்லை. "வேற பாப்போம்" என்று அவரே இறங்கிவிட்டார், ஏறவே ஏறாத வண்டியிலிருந்து.

மார்ச் 16, ஞாயிறு

மழை. ஆறு ஓடுகிறதாம். யாரும் எங்கும் போக முடியாது.

மார்ச் 22, சனி

வீட்டிலிருந்து ஒருவர் விற்கும் வெள்ளை வண்டி. வெளியே பளபளவென்று இருந்தது. உள்ளே வாசனை திரவியம் தூக்கலாக இருந்தது, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. டெரன்ஸ் ஒன்றும் பேசாமல் பின்சீட்டு பெல்ட்டை முழுக்க இழுத்தான். முடிவில், சாதாரணமாகச் சுருளுக்குள் இருக்கும் பகுதியில், பழுப்பாக ஒரு கோடு. அதுவரை தண்ணீர் நின்றிருக்கிறது.

"இந்த வண்டி ஆத்துல குளிச்சிருக்கு அண்ணே."

"சும்மா மழைத்தண்ணி. கொஞ்சம் குறைச்சுத் தரேன்."

"பாதி வழியில கரண்ட் செத்துப்போனா எங்கம்மா செத்துப்போகும்."

அந்த ஆள் முகம் மாறியது. "உங்க ஆளுங்க ஓட்டுற ஓட்டுக்கு இது போதாதா?" என்றார். டெரன்ஸ் பெல்ட்டை மெதுவாக உள்ளே விட்டான். கதவைக்கூட அறையவில்லை.

மார்ச் 29, சனி

ஆலிஸ் எல்லையில் பழைய வண்டி விற்கும் க்ளென் என்பவரின் சின்ன இடம். முன்பு சுரங்கத்தில் ஓடிய ட்ரூப்பி — ஆள் ஏற்றும் நீள ஜீப் — ஒன்று நின்றது. பின்பக்கம் நீளமாக, இரண்டு ஓரமும் பெஞ்ச், பின்னால் திறக்கும் கதவு. ஊரில் பாதிப் பேர் இந்த மாதிரி வண்டியில்தான் வளர்ந்தோம். கிளட்ச் தேய்ந்திருக்கிறது. பெயின்ட் வெளுத்துவிட்டது. ஓடிய தூரத்தைப் பார்த்தால் தலை சுற்றும். ஆனால் டெரன்ஸ் அடியில் ஊர்ந்து போய்ப் பார்த்துவிட்டு, "துரு இல்லக்கா. கடல் பக்கமே போகாத வண்டி" என்றான். க்ளென் சாவியைக் கொடுத்து, "போய்ட்டு வாங்க, பெட்ரோல் பங்க் வரைக்கும் போய் திருப்புங்க" என்றார். லைசென்ஸ் கேட்கவில்லை.

திரும்பி வந்து பேசிக்கொண்டிருந்தபோது அம்மாவைக் காணோம்.

பின்கதவு திறந்திருந்தது. கெய்ஷா தண்ணீர்ப் பெட்டியைப் படியாகப் போட்டு ஏற்றிவிட்டிருக்கிறாள். அம்மா இரண்டு பெஞ்சுக்கும் நடுவே தரையில் மல்லாந்து படுத்திருந்தார், கால்களை நீட்டி, கைகளைப் பக்கத்தில் வைத்து. கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

க்ளென் பதறிப்போனார். "ஆன்ட்டி, உடம்பு சரியில்லையா?"

"நல்லாருக்கேன் தம்பி. கால் எட்டுதான்னு பாக்கறேன்."

எட்டியது. இன்னும் ஒரு சாண் மிச்சம் இருந்தது.

உட்காரத்தானே வண்டி பார்க்கிறோம், இவர் ஏன் படுத்துப் பார்க்கிறார்? — நான் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது. டெரன்ஸுக்கும் தெரிந்துவிட்டது. அவன் டயரையே பார்த்துக்கொண்டு நின்றான்.

மார்ச் 31, திங்கள்

அம்மா சொல்லிவிட்டார். இயந்திரத்திலிருந்து வந்த களைப்பிலேயே சொன்னார்.

"போதும் புள்ள. என்னை ரெண்டாம் கிணத்துக்குக் கொண்டுபோயிடு. நான் திரும்பி வரல."

கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. அக்கம்பக்கத்து நாயெல்லாம் குரைத்தது.

ஏப்ரல் 2, புதன்

டயாலிசிஸ் நர்ஸ் பிரிட்ஜெட்டிடம் கேட்டேன். தடுக்க ஏதாவது சட்டம் இருக்கும் என்று நினைத்தேனா? "நிறுத்துறது அவங்க உரிமை, நோரீன். நிறுத்தினா ஒரு வாரம், மிஞ்சிப்போனா ரெண்டு. வலி தெரியாம இருக்க மருந்து தரலாம்" என்றாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். உதறிவிட்டேன். பாவம், அவள் என்ன செய்வாள்.

ஆஸ்பத்திரி வண்டியிலேயே கொண்டுபோய் விடலாம் என்றும் சொன்னாள். வீட்டில் சொன்னதும் அம்மா தலையை ஆட்டினார். "அது சீக்காளி வண்டி. நம்ம வண்டியிலதான் போவேன்."

அப்படியானால் வண்டி இல்லாவிட்டால்?

ஏப்ரல் 5, சனி

க்ளென் இடத்துக்குப் போவதாகச் சொல்லிவிட்டு ஆற்றங்கரையில் உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கு வந்து, "ட்ரூப்பி வித்துப்போச்சும்மா" என்றேன்.

அம்மா சரி என்றார். அவ்வளவுதான்.

ஏப்ரல் 8, செவ்வாய்

டெரன்ஸ் ஃபோனில். வித்துப்போச்சு என்று அவனுக்கும் சொன்னேன். "வேற பாப்போம்கா" என்றான். அவன் குரலில் நிம்மதி. இரண்டு பேருமே வண்டி கிடைக்கக் கூடாது என்றுதான் இருக்கிறோமா?

ஏப்ரல் 12, சனி

நேற்று அம்மாவின் கையில் ஊசி ஏறவில்லை. ரத்தக்குழாய் அடைத்துப்போயிற்று. கழுத்தில் துளை போட்டுக் குழாய் செருகினார்கள். நான் பக்கத்தில் நின்றேன். அம்மா சத்தம் போடவில்லை. என் சட்டை நுனியைப் பிடித்திருந்தார், கெய்ஷா குழந்தையில் பிடிப்பாளே, அப்படி.

இன்று காலை கஞ்சி கொடுத்தபோது மெதுவாகச் சொன்னார்:

"அந்த ட்ரூப்பி அங்கதான் நிக்குது புள்ள. டயாலிசிஸ் பஸ் அந்த வழியாத்தான் போகுது. நான் பாத்துக்கிட்டேதான் போறேன்."

திட்டவில்லை. என் தலையைத் தடவினார். கஞ்சி ஆறிப்போனது.

ஏப்ரல் 16, புதன்

வாங்கிவிட்டோம். எல்லோரும் போட்ட பணம். க்ளென் கிளட்ச்சைத் தானே மாற்றித் தந்தார். "எதுக்கு இவ்ளோ அவசரம்?" என்று கேட்டவர், பிறகு என் முகத்தைப் பார்த்து வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

ஏப்ரல் 19, சனி

ஆலிஸுக்கு வெளியே மணலில் ஓட்டிப் பழகினேன். டெரன்ஸ் டயர் காற்றை இறக்கினான். "பயந்து பிரேக் போட்டா மாட்டிக்குவ. மெதுவா, நிக்காம, அவ்ளோதான்." இரண்டாவது தடவை மாட்டினேன். நான்காவது தடவை மாட்டவில்லை. பின்னால் மெத்தையில் அம்மா ஒவ்வொரு குலுக்கலுக்கும் சிரித்தார். "என்னை இங்கயே கொன்னுடாத, ஊர் வரைக்கும் மிச்சம் வை."

கெய்ஷாவும் சிரித்துவிட்டாள். அப்புறம் அழுதாள்.

மே 2, வெள்ளி

கடைசி டயாலிசிஸ். பிரிட்ஜெட் கழுத்துக் குழாயை எடுத்துவிட்டுக் கட்டுப் போட்டாள். பக்கத்து நாற்காலிகளில் இருந்த கிழவிகள் ஒவ்வொருவராக அம்மாவின் கையைத் தொட்டார்கள். அதில் ஒருத்தி, "எனக்கு எந்த வண்டி வருமோ" என்றாள்.

மே 3, சனி

வந்து சேர்ந்தோம். நான்தான் ஓட்டினேன். மணலாற்றில் நிற்காமல் ஏறினேன். ஊரில் பாதிப் பேர் பின்னாலேயே வந்தார்கள். ரெண்டாம் கிணறு வந்ததும் அம்மா, "கதவைத் திற" என்றார். இறங்கவில்லை. படுத்தபடியே வெளியே பார்த்தார். காற்று வந்தது.

மே 6, செவ்வாய்

பகலில் கொட்டகை நிழல். ராத்திரியானால் ட்ரூப்பியில்தான் படுப்பேன் என்கிறார், பின்கதவு திறந்தபடி. கங்காரு வால் சுட்டோம். உப்பு கூடாது, அது கூடாது, இது கூடாது என்று மூன்று வருஷம் சொன்னேன். இன்று வேண்டிய மட்டும் சாப்பிட்டார். கொஞ்சம்தான் இறங்கியது.

மே 9, வெள்ளி

தூக்கம்தான் அதிகம். மூச்சில் சத்தம். ஊர் கிளினிக் நர்ஸ் வந்து மருந்து கொடுத்துப் போனார். அம்மா என்னை அவருடைய தங்கை என்று நினைத்துப் பேசினார். நானும் தங்கையாகவே பதில் சொன்னேன்.

மே 11, ஞாயிறு

தண்ணீர் கேட்கவில்லை.

மே 13, செவ்வாய்

விடியும்போது. வண்டிக்குள். நானும் டெரன்ஸும் இரண்டு பெஞ்சிலும் உட்கார்ந்திருந்தோம்.

இனி எங்கள் வழக்கப்படி அவர் பெயரை யாரும் சொல்ல மாட்டோம். குமன்ஜாயி என்றுதான் சொல்வோம், போனவர்கள் எல்லோரையும் சொல்வது போல. இந்தப் பக்கத்திலும் எழுத மாட்டேன்.

மே 20, செவ்வாய்

பெண்கள் இலைக்கொத்துகளால் மணலைப் பெருக்கினோம். அவர் காலடி, நாங்கள் தூக்கிய தடம், எல்லாம் போனது. கொட்டகையைக் காலி செய்து வேறிடத்தில் தங்கியிருக்கிறோம்.

ட்ரூப்பிக்கும் புகை போட்டார்கள். உயிர் போன வண்டியை வீட்டுக்காரர்கள் நாங்கள் வைத்துக்கொள்ளக் கூடாது. எங்களுக்கு இது தெரியாதா என்ன? வாங்கும்போதே தெரியும். டெரன்ஸுக்கும் தெரியும். அப்படியும் வண்டிக்கு அடியில் அத்தனை நேரம் படுத்து ஒவ்வொரு நட்டையும் முறுக்கினான்.

மேற்கே மாநில எல்லைக்கு அந்தப் பக்கத்துச் சொந்தக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். பதிலுக்கு ஒரு சின்னக் கார் கொடுத்தார்கள், தார் ரோட்டுக்கு மட்டும் ஆகும். டெரன்ஸ் சாவியைக் கொடுத்துவிட்டு, "மேட்டுல கிளட்ச்ச மெதுவா விடுங்க" என்றான்.

ஜூன் 24, செவ்வாய்

பள்ளிக்கூட வேலைக்குத் திரும்பினேன். டயாலிசிஸ் பஸ் தெருவில் வருகிறது. இன்னும் எங்கள் வீட்டு வாசலில் வேகத்தைக் குறைக்கிறது, பழக்கத்தில்.

ஆகஸ்ட் 9, சனி

சூப்பர் மார்க்கெட் வாசலில் அதே ட்ரூப்பி. மேற்கத்திச் சொந்தக்காரர்கள் ஃபுட்பால் ஆட்டத்துக்கு வந்திருப்பார்கள். பக்கவாட்டில் புதிதாக ஒரு நசுங்கல். பின்னால் பிள்ளைகள் நிறைய, சிப்ஸ் தின்றுகொண்டு, ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு. கெய்ஷா எனக்கு முன்னால் பார்த்துவிட்டாள். என் கையைப் பிடித்து, "இந்தப் பக்கமா போலாம்மா" என்றாள். சுற்றிக்கொண்டு போனோம். பிள்ளைகளின் சத்தம் தெருமுனை வரை கேட்டது.

வியாழக்கிழமை என் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. பிரிட்ஜெட் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தபோதே புரிந்தது, எனக்கும் சிறுநீரகம்தான். "இன்னும் வருஷங்கள் இருக்கலாம், நோரீன். மருந்தை ஒழுங்கா சாப்பிட்டா" என்றாள். இந்த முறை கையை உதறவில்லை.

டெரன்ஸிடம் மட்டும் சொன்னேன். ஃபோனிலேயே மருந்துப் பெயர்களைக் கேட்டு எழுதிக்கொண்டான். பிறகு, "அடுத்த வாரம் வரேன்கா, நல்ல வண்டியா ஒண்ணு பாப்போம். எந்த மாதிரி வேணும்?" என்றான்.

"கெய்ஷா ஓட்டக் கத்துக்கிற மாதிரி" என்றேன்.