கட்டிக்கொண்ட கைகள்

1982 ஆகஸ்ட் 19, வியாழன்

இன்று என் வேலை நிரந்தரமாகிவிட்டது. தலைமையாசிரியர் எல்லா ஆசிரியர்கள் முன்னாலும் உத்தரவைப் படித்தார். சந்தோஷம் வந்தால் என் கைகள் தாமாக உதறும். சின்ன வயதில் அதற்காக அம்மாவிடம் நிறைய அடி வாங்கியிருக்கிறேன். கைகளைத் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டு, முகத்தை அசைக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

"இன்னா டீச்சரம்மா, சந்தோசமே இல்லியா?" என்றார் தலைமையாசிரியர். உடனே சிரித்தேன். எவ்வளவு நேரம் சிரிக்க வேண்டும் என்பது எனக்கு எப்போதும் பிடிபடுவதில்லை. கணக்கு டீச்சர் ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

சாயங்காலம் பஸ்ஸுக்காக ஏரிக்கரைமேல் நடந்து வந்தேன். யாருமில்லை என்று நினைத்து, பையைக் கீழே போட்டுவிட்டு ஆசைதீரக் கைகளை உதறினேன். சரிவில் புல் அறுத்துக்கொண்டிருந்த முனியம்மா எழுந்து பார்த்தாள். அவள் மகள் செல்வி என் வகுப்புதான். செல்வியும் கையை உதறுவாள். "அடிச்சாவது நிறுத்துங்க டீச்சர்" என்று முனியம்மா போன மாதம் சொல்லிவிட்டுப் போனதிலிருந்து, தினமும் நான்தான் செல்வியைக் கை கட்டி உட்கார வைக்கிறேன்.

"டீச்சர், நீங்களும் இப்டித்தானா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "ஆமாம்" என்றேன்.

கருக்கரிவாளைப் புல்மேல் போட்டுவிட்டு மேலே ஏறி வந்தாள். "அப்போ எம்பொண்ணும் டீச்சரா வந்துடுவாளா?"

"வருவா" என்றேன். பஸ்ஸில் வழி முழுக்க அழுகையை அடக்கிக்கொண்டே வந்தேன்.

நாளைக்கு செல்வி என்னைப் பார்த்ததும் கையைக் கட்டிக்கொள்வாள். வேண்டாம் என்று சொல்ல வேண்டும். ஏன் என்று மற்ற பிள்ளைகள் கேட்டால், அதையும் சொல்லத்தான் வேண்டும்.