கூடைப்பந்து மலரில் அப்பா

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா?

எங்கள் கூடைப்பந்துச் சங்கம் மூன்று முறை கூடி வரலாற்று முடிவொன்றை எடுத்திருக்கிறது: நான் எழுதும் சாதனையாளர் மலரில் எவர் பெயருக்கு முன்னும் ‘மறைந்த’ என்ற சொல் வராது. அப்பா இறந்தபோது எனக்கு விடுப்புத் தராத செயலாளர்தான் விளக்கினார்: “பாதிப் பேர் செத்துட்டாங்கன்னு போட்டா எவன்யா விளம்பரம் குடுப்பான்?”

முப்பது ஆண்டுப் பயிற்சியாளர், நான்கு கோப்பைகள் என்ற அப்பாவின் குறிப்பிலும் ‘மறைந்த’ என்பதை நானே அடித்தேன்.

நான் நன்றாகவே இருக்கிறேன். அறை குளிர்கிறது, அப்பாவின் சட்டை ஒன்று அனுப்பு. துவைக்க வேண்டாம்.

தபால்காரர் காத்திருக்கிறார்.

உன் மகன்

பி.கு.: மலரில் உள்ள பெயர்களைப் பார்த்தே சங்கத்தார் எல்லோரையும் வெளியீட்டு விழாவுக்கு அழைத்திருக்கிறார்கள். அப்பாவின் பெயருக்கு அழைப்பிதழ் நம் வீட்டுக்கு வருகிறது. முன்வரிசையில் நாற்காலி ஒதுக்கியிருக்கிறார்கள்.