ஒன்பதாவது கேள்வி

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே அம்மா நலம், நானும் நலம்தான், ஆனால் என் நலத்தில் ஒரு சின்னத் திருத்தம் இருக்கிறது, அதைக் கீழே விவரமாக எழுதியிருக்கிறேன், பயப்படும்படி ஒன்றுமில்லை. அங்கே நீயும் மாப்பிள்ளையும் என் பேரன் மந்திரியும் சௌக்கியமா என்று கேட்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமைதோறும் மூன்று பேர் முகத்தையும் திரையில் பார்த்துவிட்டு இப்படிக் கேட்பது எனக்கே சிரிப்பாக இருக்கிறது, இருந்தாலும் கேட்கிறேன். போனில் சொல்லாமல் எதற்குக் காகிதம் என்று யோசிப்பாய். போனில் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீ மூன்று பதில் சொல்லிவிடுவாய். குடும்பக் குழுவில் எழுதினால் உன் சித்தப்பா படிக்காமலே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவார், சித்தி படித்துவிட்டு ஊருக்கெல்லாம் அனுப்புவாள். காகிதம் குறுக்கே பேசாது, யாருக்கும் தானாகப் போகாது.

அந்தப் பெற்றோர் இணையதளத்தில் எங்கள் இரண்டு பேரையும் குடும்ப உறுப்பினர்களாக நீ சேர்த்துவிட்டு எட்டு மாதம் ஆகிறது. திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குச் சரியாகக் கடிதம் வந்துவிடுகிறது. இந்த வாரம் உங்கள் குழந்தை இதைச் செய்யலாம், நீங்கள் இப்படி உதவலாம், இந்தப் படப் புத்தகத்தை இப்படி வாசித்துக் காட்டலாம் என்று அழகாகத்தான் எழுதுகிறார்கள், காசும் கேட்பதில்லை. லிஃப்ட் கம்பெனியில் முப்பத்து நான்கு வருடம் கையேடு படித்தவன் நான், எதையும் முதல் பக்கத்திலிருந்துதான் படிப்பேன் என்று உனக்குத் தெரியும். இதையும் அப்படியே படித்தேன். அம்மா படிப்பதோடு நிற்கவில்லை. செய்கிற வேலையைக் குழந்தையிடம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள், அப்போதுதான் அதற்குச் சொற்கள் சேரும் என்று ஒரு வாரம் வந்தது. குழந்தை ஆயிரக்கணக்கான மைல் தள்ளி இருக்கிறதே, அதனால் என்னை வைத்துப் பழகிப் பார்த்தாள். இதோ வெங்காயம் உரிக்கிறேன், இப்ப எனக்குக் கண்ணு எரியுது, அங்க ஒருத்தர் கால் மேல கால் போட்டுப் பேப்பர் படிக்கிறார், அவருக்கு எதுவும் எரியல என்று அரை மணி நேரம் நேர்முக வர்ணனை. கேள்வி கேட்டபின் குழந்தை பதில் சொல்லப் பத்து எண்ணும்வரை காத்திருங்கள் என்று அடுத்த வாரம் வந்தது. பத்தா, நான் கல்யாணம் ஆன நாள்லேருந்து எண்ணிக்கிட்டிருக்கேன் என்றாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அந்தத் தளத்தில் இரண்டு வயதுக்கான இருபது கேள்விகள் இருக்கின்றனவே, ஆம், சில நேரம், இன்னும் இல்லை என்று மூன்று கட்டம் போட்டு, அதை அம்மா ஒரு நாள் மத்தியானம் எனக்காக நிரப்பினாள். புதிதாக ஒரு குழந்தையைச் சேர்க்கவும் என்ற இடத்தைத் தட்டி, செல்லப்பெயர் என்ற கட்டத்தில் பெரியவர் என்று போட்டாள். ஐந்து வயதுக்கு மேல் அது ஏற்கவில்லை, அதனால் மந்திரியின் பிறந்த தேதியையே எனக்கும் கொடுத்துவிட்டாள், இனி எங்கள் இருவருக்கும் ஒரே நாளில் வாழ்த்து வரும். பக்கத்தில் என்னை உட்காரவைத்துக்கொண்டே ஒவ்வொன்றாகப் படித்தாள். இரண்டு வேலையைச் சேர்த்துச் சொன்னால் செய்கிறதா, துண்டை எடு, கொடியில் போடு என்பது போல. இன்னும் இல்லை. தன் பொருளை மற்றவருடன் பகிர்ந்துகொள்கிறதா. டிவி ரிமோட்டைச் சொல்றாங்க போல, இன்னும் இல்லை. வேண்டியதை விரலால் சுட்டிக் காட்டிக் கேட்கிறதா. ஆம், டீ டம்ளரை நல்லாவே காட்டுவார். ஒன்பதாவது கேள்வி, முகம் தெரியாமல் பின்னால் நின்று பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறதா. அம்மா என்னைப் பார்த்தாள், நான் அம்மாவைப் பார்த்தேன், இன்னும் இல்லை. கடைசியில் மதிப்பெண் ஏதாவது வரும் என்று காத்திருந்தோம். வரவில்லை. இது தேர்வு அல்ல, முதலில் காதைச் சோதித்துப் பார்ப்பது நல்லது, தாமதிக்க வேண்டாம் என்று ஒரு பக்கம் வந்தது. கண்ணில் தண்ணீர் வரும்வரை இருவரும் சிரித்தோம்.

மறுநாளும் நான் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன், அம்மா சிரிக்கவில்லை. நான் மேஜையில் உட்கார்ந்து கடிகாரத்துக்கு பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தபோது எனக்குத் தெரியாமல் பின்னால் வந்து இடது பக்கம் நின்று கூப்பிட்டிருக்கிறாள், திரும்பினேன். கொஞ்ச நேரம் கழித்து வலது பக்கம் நின்று அதே குரலில் கூப்பிட்டிருக்கிறாள், நான் பாட்டுக்கு பேட்டரியைத் திணித்துக்கொண்டிருந்தேனாம். மூன்று நாள் இப்படிச் சோதித்திருக்கிறாள். நாலாவது நாள், சட்டையை மாத்துங்க, காது டாக்டர்கிட்ட போறோம் என்றாள். அங்கே ஒரு சின்ன அறை, சுவரெல்லாம் பஞ்சு, கதவைச் சாத்தினால் நம்முடைய மூச்சு நமக்கே கேட்கிறது. காதில் ஒன்றை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்து, சத்தம் கேட்டா மட்டும் அழுத்துங்க அங்கிள் என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தது. உன் வயதுதான் இருக்கும். இடது காது முடிந்தது. வலது காதுக்கு மாற்றியதும் ஒன்றுமே கேட்கவில்லை. இப்போது நான் செய்ததைச் சொல்கிறேன், சிரிக்காதே. அந்தப் பெண்ணின் தோள் அசைவதைப் பார்த்து, சத்தம் கொடுத்திருப்பாள் என்று குத்துமதிப்பாகப் பொத்தானை அழுத்தினேன். நாலு தடவை. அது கதவைத் திறந்துகொண்டு வந்து, அங்கிள், நான் தண்ணி குடிச்சேன், சத்தம் எதுவும் போடலையே என்றது. கண்ணாடிக்கு வெளியே நின்ற அம்மா நெற்றியில் அடித்துக்கொண்டதைப் பார்க்கக் காது தேவைப்படவில்லை.

யோசித்துப் பார். லிஃப்டில் பிரேக்கைக் கண்ணால் பார்க்காமல், கையால் தொடாமல் ஒரு தடவைகூட நான் டிக் போட்டதில்லை. எங்கள் படிவத்திலும் மூன்று கட்டம்தான், சரி, சரியில்லை, மறுபடி பார்க்க. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் எல்லாவற்றுக்கும் சரி என்று போட்டுக்கொண்டு வருவார்கள், ஏன்டா என்றால், சரியில்லைன்னு எழுதினா என் வேலை சரியில்லைன்னு ஆயிடுமே சார் என்பார்கள். படிவம் லிஃப்டைப் பற்றியது, உன்னைப் பற்றியதில்லை என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன். அப்படிப்பட்ட ஆள், சொந்தக் காது என்றதும் பாஸ் மார்க் வாங்கப் பார்த்திருக்கிறேன். முப்பத்து நான்கு வருடம் மோட்டார் அறையில் வலது காதை மெஷின் பக்கம் வைத்துக்கொண்டே வேலை பார்த்ததன் பலன் என்று டாக்டர் சொன்னார். இப்போது கொட்டைப்பாக்கு அளவில் ஒரு கருவி காதுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறது, மூன்று வாரம் ஆகிறது. நம் வீட்டு ஃபிரிட்ஜ் உறுமும் என்று எனக்குத் தெரியாது. அம்மா சமையலறையில் தனியாக முணுமுணுக்கிறாள் என்றும் தெரியாது, இத்தனை வருடம் என் வலது பக்கமாகவே நின்று சொல்லியிருக்கிறாள், இதில் சில விஷயங்களைக் கேட்காமல் இருந்ததே நல்லதுக்குத்தான் என்று தோன்றுகிறது.

இதெல்லாம் உனக்கு எதற்கு என்றால், குடும்ப உறுப்பினர்கள் எல்லாருடைய பதிலும் எல்லாருக்கும் தெரியும் என்று அந்தத் தளத்தின் முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது. நீ முதல் பக்கத்தைத் தாண்டிக்கொண்டு போயிருப்பாய். அம்மா எனக்கு நிரப்பியதற்கு மேலேயே மந்திரிக்கு நீ நிரப்பியது இருந்தது. இருபதில் பத்தொன்பது ஆம், ஒன்று சில நேரம், அந்த ஒன்றும் காய்கறி சாப்பிடுகிறதா என்ற கேள்வி. மூன்றாம் வகுப்பில் தினமும் இரண்டு வேளை பல் தேய்த்தால் டிக் போடவும் என்று பள்ளியில் ஒரு அட்டை கொடுத்தார்களே, முதல் தேதி அன்றே முப்பத்தொரு கட்டத்துக்கும் டிக் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கியவள் நீ. எனக்கு அது ஞாபகம் வந்து முதலில் சிரித்தேன். ஐம்பது சொற்கள் சொல்கிறதா, ஆம் என்று போட்டிருக்கிறாய். நான் பதினோரு ஞாயிற்றுக்கிழமைகளைக் குறித்து வைத்திருக்கிறேன், என் கணக்கில் எட்டு. பா, தா, போ, பூ, வண்டிக்கு வண், பந்துக்கு வெறும் ப, உனக்கும் பாலுக்கும் பொதுவாக ம்மா, அப்புறம் எதற்கென்று தெரியாத ஒரு டுர். நான் பார்க்காத நேரத்தில் இன்னும் பத்து சொல்லட்டும், பதினெட்டு. நீ பத்தொன்பது ஆம் கொடுத்ததால்தான் அந்தத் தளம் அவனுக்கு மூன்று வயதுக் குழந்தைகளின் விளையாட்டை அனுப்புகிறது, நீயும் அட்டைகளை வெட்டி, வர்ணம் பூசி, கதை சொல்லிப் பார்க்கிறாய், அவன் எழுந்து போய்விடுகிறான். நான் எங்கேயோ தப்புப் பண்றேன்மா, எனக்குக் குழந்தை வளர்க்கத் தெரியல என்று அம்மாவிடம் அழுதாயாம். அம்மா எனக்குச் சொல்லிவிட்டாள், கோபித்துக்கொள்ளாதே.

மந்திரி என்று பெயர் வைத்தவன் நான். யார் வந்து எந்த மனுவைக் கொடுத்தாலும் பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பான், பதிலே வராது, மந்திரிதான் என்று ஒன்றரை வயதில் நான் சொன்னேன், எல்லாரும் சிரித்தோம், பெயர் ஒட்டிக்கொண்டது. கூப்பிட்டுத் திரும்பாவிட்டால், மந்திரி பிஸி என்று சொல்லிச் சிரிப்பதோடு சரி, இரண்டாம் தடவை யாரும் கூப்பிட்டுப் பார்ப்பதில்லை. அந்தத் தப்பு என்னுடையது. போன ஞாயிறு உங்கள் வாசல் மணி அடித்தது. என் புதுக் காதுக்கு அது இங்கேயே கேட்டது. நீ எழுந்து போனாய். மாப்பிள்ளை பார்சலா என்றார். மந்திரி கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தான், தலை அசையவில்லை. நீ திரும்பி வந்து அவன் முன்னால் நின்றதும் நிமிர்ந்து பார்த்து முகமெல்லாம் சிரித்தான். என் கண்ணால் பார்த்தது இவ்வளவுதான், இதற்கு மேல் ஒரு சொல் கூட்டவில்லை. கட்டை அடுக்குகிற கவனமாகவே இருக்கலாம், காதில் சளி கட்டியிருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். ஆனால் பார்க்காமல் சரி என்று போடுகிற இடம் அது இல்லை.

அதனால் அப்பா கேட்பது ஒன்றுதான். மாப்பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு அந்த இருபதையும் இன்னொரு தடவை நிரப்பு. இருவரும் கண்ணால் பார்த்ததற்கு மட்டும் ஆம் போடு. மூன்றாவது கட்டத்தில் இல்லை என்று எழுதவில்லை, இன்னும் இல்லை என்றுதான் எழுதியிருக்கிறார்கள், எழுதினவர்கள் விஷயம் தெரிந்தவர்கள். அந்தக் கட்டத்தைத் தொட்டால்தான் எங்கே போய் யாரைப் பார்க்க வேண்டும் என்ற பக்கம் திறக்கிறது, நான் தொட்டதால்தான், சரி, அம்மா தொட்டதால்தான் எனக்குத் திறந்தது. நீ வளர்க்கிற விதத்தைப் பற்றி அங்கே ஒரு கேள்விகூட இல்லை, நான் மூன்று தடவை தேடிப் பார்த்துவிட்டேன். இன்னொன்று, சின்னக் குழந்தைக்குப் பொத்தான் கொடுக்க மாட்டார்களாம், அந்தப் பெண்ணிடம் கேட்டுக்கொண்டேன். மடியில் உட்காரவைத்து ஒரு பக்கமிருந்து சத்தம் கொடுப்பார்களாம், திரும்பினால் அந்தப் பக்கம் ஒரு பொம்மை விளக்கெரிந்து ஆடுமாம். மடியில் வைத்திருக்கிற அம்மாக்கள்தான் அங்கிள் பிரச்சனை, குழந்தைக்கு முன்னாடி அவங்க திரும்பிடறாங்க என்றது. ஆகவே மாப்பிள்ளை மடியில் வைத்துக்கொள்ளட்டும், அவர் கூப்பிட்டாலே திரும்பாத மனிதர். நீ வெளியே நாற்காலியில் உட்கார்ந்து ஏதாவது சாப்பிடு. என்ன சொன்னார்கள் என்று அன்றைக்கே எனக்குப் போன் செய், குறுக்கே பேசாமல் கேட்கிறேன்.

மூன்று பேரும் நூறாண்டு சேர்ந்து சிரித்துக்கொண்டிருக்க எங்கள் இருவர் ஆசியும் எப்போதும் உண்டு. மந்திரிக்கு என் சார்பில் முன்னால் போய் நின்று, முகத்தைக் காட்டி, ஒரு முத்தம். வேளைக்குச் சாப்பிடு, அட்டை வெட்டுவதைக் கொஞ்ச நாள் நிறுத்து. கடிதத்தை அம்மாவிடம் படிக்கக் கொடுத்தேன். எல்லாம் சரி, பொத்தானை அழுத்தினது நாலு தடவை இல்ல, ஏழு, நான் வெளியில நின்னு எண்ணினேன், பொண்ணுக்கு இவ்வளவு சொல்லிட்டு நீங்களே இப்படி எழுதலாமா என்கிறாள். ஏழுதான் அம்மாடி.

உன் வரவுக்கும் போனுக்கும் காத்திருக்கும்,
அப்பா