பனியில் போட்ட தண்டவாளம்

அன்புள்ள மகளுக்கு,

நான் இல்லாத நேரத்தில் அப்பா என்ன செய்வார் என்று போன வாரம் போனில் கேட்டாய். அடுப்பில் ஏதோ கருகுகிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. எனக்குப் பதில் தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை. இங்கே நாங்கள் இருவரும் நலம், நீ நலமாக இருக்கிறாய் என்பது உன் அதட்டலிலேயே தெரிந்துவிட்டதால் தனியாக விசாரிக்கவில்லை. போனில் பேசினால் பக்கத்து அறையிலிருந்து அப்பா ஒரு சொல் விடாமல் கேட்டுவிடுகிறார், பார்வை போன பிறகு அவர் காது சுவரைத் துளைக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன். ஆனால் பேனா ஓடும் சத்தமும் கேட்கிறதாம். "கலெக்டரம்மாவுக்கு மனுவா? என் பேரையும் சேத்துக்கோ" என்கிறார். சின்ன வயதில் வீட்டில் எல்லாரையும் நீ வேலை ஏவியதற்கு அவர் வைத்த பெயர், இன்னும் விடவில்லை.

எங்களையும் உன்னோடு வைத்துக்கொள்ள உன் ஊரில் நீ பார்த்து வைத்திருக்கும் பெரிய வீட்டின் சொந்தக்காரருக்கு அடுத்த வாரக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும் என்றாய். லிஃப்ட் இருக்கிறது, கீழேயே மருந்துக்கடை, கண் மருத்துவமனை நடக்கிற தூரம், எங்களுக்கென்று ஒரு அறை, அதில் ஜன்னலோரம் அப்பாவுக்கு ஒரு நாற்காலி. எல்லாம் சரிதான், பெற்றவர்களுக்காக இவ்வளவு யோசிக்கிற பிள்ளையை நான் என்ன குறை சொல்வது. அந்த நாற்காலிதான் எனக்கு இடிக்கிறது. விழித்திரை கெட்டுக் காகித ஆலை வேலையை விட்ட புதிதில் அவர் நாற்காலியில்தான் இருந்தார், நீ ஊரில் இல்லாததால் அதைப் பார்க்கவில்லை. பகலா இரவா, எதிரில் ஆள் நிற்கிறதா என்பது வரைக்கும்தான் அவருக்குத் தெரியும். காலையில் உட்கார்ந்தால் நான் வேலை முடிந்து வரும்போதும் அதே மடிப்பில் சட்டை இருக்கும். வாழ்நாளெல்லாம் பெரிய பெரிய இயந்திரங்களின் சத்தத்தைக் கேட்டே கோளாறு சொன்னவர், கடைசியில் ஃப்ரிட்ஜைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "கம்ப்ரஸர் போகப் போகுது" என்று ஒரு நாள் சொன்னார். போயிற்று. அந்த மாதம் முழுக்க அவர் பேசியதில் எனக்கு நினைவிருப்பது அது ஒன்றுதான்.

"அப்படி என்னம்மா இருக்கு அந்த ஊர்ல, பாதி வருஷம் பனி, மீதி வருஷம் பனி எப்ப வரும்ங்கற பேச்சு" என்று நீ கேலி செய்தாய். இரண்டு வருஷத்துக்கு முன்னால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆண்டு முழுவதும் களிப்பூட்டும் வடக்கு என்று நகராட்சி ஒரு வண்ணத் தாள் அச்சிட்டு வைத்திருக்கிறது, எங்கள் பரிசோதனைக் கூடத்து வாசலிலும் ஒரு கட்டு கிடக்கும், மெய்சிலிர்க்கும் என்ற சொல் பக்கத்துக்குப் பக்கம் வரும், எனக்கு ஒரு முறைகூடச் சிலிர்த்ததில்லை. இத்தனை காலமும் இந்த ஊர் ஏரியை நான் பாட்டில் பாட்டிலாகத்தான் அறிந்திருந்தேன். கோடையில் குளிக்கிறவர்களுக்காகத் தண்ணீரைச் சோதித்துக் கிருமி இவ்வளவு என்று எழுதிக் கொடுப்பதோடு சரி, நான் அதில் கால் நனைத்ததில்லை.

மாற்றியவர் எதிர்வீட்டுக்காரர். குளிர்காலத்தில் காட்டைச் சுற்றியும் உறைந்துபோன ஏரியின் மேலும், காலில் பலகை கட்டிச் சறுக்குகிறவர்களுக்காகப் பனியை அமுக்கித் தடம் போடும் வண்டியை ஓட்டுகிறவர். போன வருஷம் ஒரு நாள் வந்து, "சார், தெருவுல நடக்கறதுக்குத்தான் கண்ணு வேணும், நம்ம தடத்துல காலை வெச்சுப் பாருங்க, அதுவே கூட்டிட்டுப் போயிடும்" என்றார். நான் வேண்டாம் என்றேன். அப்பா எழுந்து சட்டையை மாற்றிக்கொண்டார். அங்கே போய்க் குனிந்து, கையுறையைக் கழற்றிவிட்டுத் தடத்தைத் தடவிப் பார்த்தார். இரண்டு பள்ளங்கள், பக்கம் பக்கமாக, சறுக்குப் பலகையின் அகலத்துக்கு, கோடு பிசகாமல். "அட, தண்டவாளம்!" என்றார். அன்றிலிருந்து எதிர்வீட்டுக்காரர் ஸ்டேஷன் மாஸ்டர் ஆகிவிட்டார், அவரும் அந்தப் பெயருக்குத்தான் இப்போது திரும்பிப் பார்க்கிறார்.

முறை என்னவென்றால் கண் தெரிந்தவர் முன்னால் போய்க்கொண்டே வாய் ஓயாமல் சொல்ல வேண்டும், இடது வளைவு, இறக்கம், மேடு, எதிரில் ஆள், நில்லுங்க. என்னைப் பற்றி உனக்குத் தெரியும், பேருந்தில் நான் இறங்க வேண்டிய இடத்தைக்கூட மெதுவாகத்தான் சொல்வேன். முதல் நாள் நான் சொன்னது அவருக்கு எட்டவேயில்லை. "எனக்குச் சொல்றியா, மரத்துக்குச் சொல்றியா?" என்று கேட்டுவிட்டுப் போய்ப் புதரில் விழுந்தார். விழுந்தவர் சிரித்தார். வீட்டில் நான் பல மாதம் கேட்காத சிரிப்பு, அதைக் கேட்டபிறகு எனக்கும் குரல் வந்துவிட்டது. இப்போது அக்கரையில் தேநீர்க் குடில் நடத்துகிற அம்மாள், "உங்க சத்தம் பாதி ஏரியிலேயே கேட்டுடுச்சு, அப்பவே தண்ணி வெச்சுட்டேன்" என்கிறாள். ஐம்பதை நெருங்குகிற வயதில் இப்படி ஒரு கீர்த்தி.

பனி போனால் முடிந்துவிடும் என்று நினைத்தேன், முடியவில்லை. பனி உருகுகிற அந்தச் சேற்று மாதம் மட்டும் ஒன்றுக்கும் உதவாது, நகராட்சித் தாளில்கூட அந்த மாதத்துக்குப் படம் இல்லை. அதற்குப் பிறகு நாணல் பக்கம் போட்டிருக்கும் மரப்பாலத்தில் விடியலில் போய் உட்கார்ந்தால் திரும்பி வருகிற பறவைகளின் இரைச்சல், மற்றவர்கள் தொலைநோக்கியை வைத்துக்கொண்டு எங்கே எங்கே என்று தேடும்போது இவர் விரலை நீட்டி அங்கே என்பார். கோடையில் படகு. துடுப்புப் போடுகிறவர் போகிற திசைக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டுமாம், எனக்கு அதுவே தெரியாது. "கண்ணு இருக்கறவனுக்கும் இங்க கண்ணால உபயோகம் இல்ல பாரு" என்று அப்பாவுக்கு அதில் ஒரே திருப்தி, நான் எதிரில் உட்கார்ந்து வழி சொன்னால் போதும். பழைய ரயில் பாதையைப் பெயர்த்துவிட்டுச் சைக்கிள் பாதையாக்கியிருக்கிறார்கள், இருவர் மிதிக்கும் சைக்கிளை அங்கே வாடகைக்கு விடுகிறார்கள், காட்டின் நடுவே மேடு பள்ளமில்லாமல் ஓடுகிறது. பின்னால் உட்கார்ந்துகொண்டு "நீ மிதிக்கறதே இல்ல, சும்மா காலை வெச்சுட்டு வர்றே, சங்கிலி சொல்லுது" என்று சண்டை பிடிக்கிறார். உண்மைதான், அதை உன்னிடம் மட்டும் சொல்கிறேன். குன்றின்மேல் காட்சிக் கோபுரம் ஒன்று இருக்கிறது, அதிலும் ஏறுவேன் என்றார். ஏறிக்கொண்டிருந்த ஒருவர், பாவம் நல்ல மனிதர், இவருக்கு மேலே போய் என்ன பிரயோஜனம் என்று என் காதில் கேட்டார். அப்பாவே திரும்பி, "ஒவ்வொரு மாடியிலும் காத்து வேற வேற சார், கீழ மரவாசனை, மேல தண்ணி வாசனை, நீங்க வெறுமனே பாத்துட்டு இறங்கிடுவீங்க" என்றார். நான் அன்று முதல் தடவையாகக் கண்ணை மூடிக்கொண்டு நின்று பார்த்தேன். அவர் சொன்னது சரி. இலை உதிர்கிற காலத்தில் காட்டுப்பழம் பறிக்கப் போனோம், தொட்டுப் பார்த்துப் பழுத்ததை மட்டும் பறிக்கிறார், என் கூடையில் பாதி காய், பாதி இலை. அதற்குள் மறுபடி பனி. அந்தத் தாளில் சொல்லியிருந்தது அத்தனையும் உண்மையாக இருந்தது, எதையும் லேசில் ஒப்புக்கொள்ளாத எனக்கே அதை எழுதக் கூச்சமாக இருக்கிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நீ போனில் கேட்ட கேள்வி, நான் இல்லாத நேரத்தில் என்ன செய்வார் என்பது, அவர் காதிலும் விழுந்திருக்கிறது. மூன்றாம் நாள் சாப்பிடும்போது, "கலெக்டர் கேட்டது நியாயமான கேள்வி. நீ கூப்பிடக் கூப்பிடக் கன்னுக்குட்டி மாதிரி வர்றேன், அதுல என்ன பெருமை? ஞாயித்துக்கிழமை ஏரியை நான் தனியாத் தாண்டறேன். தாண்டிட்டா இங்கயே இருக்கலாம். இல்லேன்னா மூட்டையைக் கட்டு, அவ வீட்டு நாற்காலியில போய் நல்ல பிள்ளையா உக்காந்துக்கறேன்" என்றார். நான் எவ்வளவோ சொன்னேன். ஏரியின் நடுவில் தடம் இரண்டாகப் பிரிகிறது, வலது தடம் தேநீர்க் குடிலுக்குப் போகும், இடது தடம் பனியில் துளை போட்டு மீன் பிடிக்கிறவர்களிடம் போய் அங்கேயே நின்றுவிடும். விழுந்து எழுந்தால் தடம் எந்தப் பக்கம் என்று எப்படித் தெரியும், காற்று அடித்துத் தடம் மூடிவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "நில்லுங்கன்னு சொல்ல நீ இல்லேன்னா நானே நின்னு யோசிப்பேன்" என்றார். பனிக்கட்டி எவ்வளவு கனம் என்று இன்று நானே துளை போட்டு அளந்துவிட்டேன், லாரி போகலாம், அந்தப் பயம் இல்லை. ஸ்டேஷன் மாஸ்டர் காலையில் புதுத் தடம் போடுகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அப்பா கிளம்பியதும் நான் காரில் கரையைச் சுற்றிக்கொண்டு குடிலுக்குப் போய்க் காத்திருக்க வேண்டும், அதுதான் ஏற்பாடு. நாளைக்குத்தான் ஞாயிறு. அவர் தாண்ட வேண்டும் என்று நினைக்கிறேனா, தாண்டாமல் போனால் உன்னிடம் வந்துவிடலாம், எனக்கும் கொஞ்சம் தோள் பாரம் இறங்கும் என்று நினைக்கிறேனா, அதுவும் எனக்குத் தெரியவில்லை. ஒரு கடிதத்தில் இரண்டு தெரியவில்லை போதும்.

நேரத்துக்குச் சாப்பிடு. குடிக்கிற தண்ணீரைக் கொதிக்க வை, உன் ஊர்த் தண்ணீரை நான் சோதிக்கவில்லை. ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இரு.

அம்மா

ஞாயிறு மாலை. காலையில் இந்த உறையை ஒட்டாமல் விட்டது நல்லதாயிற்று. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். வெயில், காற்று இல்லை. பார்வை குறைந்தவர் என்று எழுதிய ஆரஞ்சு அங்கியை மாட்டிக்கொண்டு, இரண்டு பலகையையும் தடத்தில் இறக்கி, போய்ட்டு வர்றேன் என்று சொல்லாமல் "அங்க பாக்கலாம்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். நான் காரை எடுத்தேன். கரைச்சாலையில் போகும்போது மரங்களின் இடைவெளியில் அந்த ஆரஞ்சுப் புள்ளி தெரிந்து தெரிந்து மறைந்தது, தடம் பிரிகிற இடத்துக்குப் போகிறாரா என்று பார்த்தேன், பார்த்துக்கொண்டே இருந்தேன், சாலை வளைந்ததைப் பார்க்கவில்லை. கார் சறுக்கி ஓரத்துப் பள்ளத்தில் மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது. அடி ஒன்றும் இல்லை, பயப்படாதே. எவ்வளவு மிதித்தும் சக்கரம் சுற்றியதே தவிர வண்டி வரவில்லை. போனில் கூப்பிட்டேன், ஸ்டேஷன் மாஸ்டர் தடம் போடும் வண்டியோடு வந்து சங்கிலி கட்டி இழுத்தார். "ஏரியில போறவருக்குத்தான் நான் காவலுக்கு இருந்தேன், ரோட்டுல போறவங்களுக்குன்னு யாரும் சொல்லலையே அக்கா" என்றார். சிரிக்கவேயில்லை அந்த மனிதர், அதுதான் எனக்கு ஆத்திரம்.

குடிலுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது அங்கியும் கையுறையும் அடுப்புக்கு மேலே காய்ந்துகொண்டிருந்தன. நான் இல்லாத நேரத்தில் அப்பா செய்தது இதுதான். பாதி வழியில் ஒரு தடவை விழுந்தார், எழுந்தபோது தண்டவாளத்தைக் காணவில்லை, அசையாமல் நின்று, ஊன்றிப்போகும் குச்சியால் இரண்டு பக்கமும் குத்திக் குத்திப் பார்த்து அதைக் கண்டுபிடித்தார். பிரிகிற இடத்தில் இடது தடத்துக்குப் போய்விட்டார். மீன் பிடிக்கிறவர்களின் ரேடியோ நேர் எதிரில் கேட்டதும் நின்றார், அது இடது கைப்பக்கம் அல்லவா கேட்க வேண்டும் என்று. அவர்களில் ஒருவர், "சார், இங்க மீன்தான், டீ அந்தப் பக்கம்" என்று கத்தினாராம், "தெரியும், உங்களைப் பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பியிருக்கிறார். குடிலுக்கு வந்து, பலகையைச் சுவரோரம் சாத்தி, அடுப்பில் விறகு போட்டு, அந்த அம்மாளிடம் உன்னைப் பற்றிப் பெருமை அடித்து, எனக்கும் சேர்த்து டீ சொல்லி வைத்திருக்கிறார். நான் கதவைத் திறந்ததும் என் காலடியைக் கேட்டு, "எங்க போயிட்டே? டீ ஆறிப் போச்சு" என்றார்.

ஒரு பாட்டில் தண்ணீரை வைத்து ஏரியைப் பற்றி முடிவு எழுதக் கூடாது, இது என் தொழில் எனக்குச் சொல்லிக் கொடுத்தது. ஆனாலும் பெரிய வீடு வேண்டாம் என்று சொல்லிவிடு. சேற்று மாதம் முழுவதும் உன்னோடு வந்து இருக்கிறோம், உன் அதட்டலை நேரில் கேட்கிறோம், நாற்காலி மட்டும் வாங்காதே. பேனா நின்றதும் பக்கத்து அறையிலிருந்து, "பள்ளத்துல விழுந்ததையும் எழுதினியா?" என்று குரல் வருகிறது.

எழுதிவிட்டேன்.

அம்மா