மூன்றாவது உறுதிப்படுத்தல்

மருதமுனை
2010 ஒக்டோபர் 12

அன்பு மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் மாமியும் சுகம். அந்த வெயிலில் உங்கள் உடம்புக்கு ஒரு குறையும் வராமல் அல்லாஹ் பார்த்துக்கொள்ள வேண்டும். பாலமுனைக் கச்சிமுகம்மது காக்கா வியாழக்கிழமை டோஹாவுக்குத் திரும்புகிறார். இந்தக் கடிதத்தையும் மாமி இடித்த மிளகாய்த்தூளையும் அவர் கையில் கொடுத்துவிடுகிறேன். போனில் சொல்லலாம்தான். ஆனால் நான் இந்தக் கதையைத் தொடங்கினால் கார்ட் முடியப் போகிறது என்று வைத்துவிடுகிறீர்கள்.

மாமியின் கால் வீக்கம் வற்றியிருக்கிறது. ஆஸ்பத்திரியில் குளிசையை மாற்றினார்கள். மாரி வருவதற்குள் பின்பக்கக் கூரை ஒழுகுகிற இடத்தை மேசனைக் கூப்பிட்டுப் பூசிவிட்டேன்.

எனது வேலை என்னவென்று நீங்கள் கேட்டதில்லை. கம்பியூட்டரில் டைப் அடிக்கிறாள் என்று மாமி ஊருக்குச் சொல்கிறா. அது பாதிதான். அரசாங்கம் தருகிற உதவிகள், கொடைகள் எல்லாவற்றையும் ஓர் இணையத்தளத்தில் போடுகிறோம். யார் தருகிறார்கள், யாருக்குக் கிடைக்கும், என்ன பத்திரம் வேண்டும், கடைசித் திகதி எது என்று பார்த்தவுடன் விளங்கும்படி எழுத வேண்டும். சுற்றறிக்கைகள், பத்திரிகை அறிவித்தல்கள், பிரதேச செயலகங்களின் அறிவித்தல் பலகைகள், இவற்றிலிருந்து விவரம் எடுப்போம். மாதம் ஒருதரம் பழையவற்றைத் திரும்பப் பார்த்து, முடிந்துபோனதை நீக்குவோம்.

போன வருடம் நான் ஒரு பிழை விட்டேன். மீன் வலைக்கான உதவி ஒன்றைச் சுற்றறிக்கையின் பிரதியை மட்டும் பார்த்துப் போட்டுவிட்டேன். ஒலுவிலில் இருந்து ஏழு பெண்கள் அதை நம்பி ஆட்டோ பிடித்துப் பிரதேச செயலகத்துக்கு வந்து, இரண்டு மாதத்துக்கு முந்தியே முடிந்துவிட்டது என்று கேட்டுத் திரும்பிப் போனார்கள். அவர்களில் ஒருத்தி எங்கள் கந்தோருக்கு வந்து என்னைப் பார்த்துக்கொண்டு நின்றா. ஏசவில்லை. அதற்குப் பிறகு எங்கள் பொறுப்பாளர் அப்துல் ஸமட் சேர் ஒரு விதி வைத்தார். எதைப் போடுவதானாலும் மூன்று உறுதிப்படுத்தல் வேண்டும். ஒன்று, எழுத்தில் உள்ள சுற்றறிக்கை. இரண்டு, அந்தக் கந்தோரின் உத்தியோகத்தர் வாயால் சொல்வது. மூன்று, அந்த உதவியை உண்மையாகவே கையில் வாங்கிய ஒரு மனிதர்.

சண்டையில் காணாமற்போனவர்களின் குடும்பங்களுக்கான உதவி போன மாதம் வந்தது. சுற்றறிக்கை இருந்தது. உத்தியோகத்தரும் சொல்லிவிட்டார். மூன்றாவதுதான் கிடைக்கவில்லை. வாங்கியவர்கள் வாங்கினோம் என்று சொல்ல விரும்பவில்லை. கடைசியில் தம்பிலுவில் கிராம சேவகர் அன்னப்பிள்ளை என்ற தாயின் பெயரைத் தந்தார். சேர் என்னைப் போகச் சொன்னார்.

அக்கரைப்பற்றில் பஸ் மாறிப் போனேன். அந்த அம்மா முற்றத்தில் பாய் விரித்துக் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தா. எங்கட வீட்டில தேத்தண்ணி குடிப்பியா மகள் என்று கேட்டுவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைத்தா. குடித்தேன். பிறகு கேள்வித்தாளை எடுத்தேன். இந்த உதவியை நீங்கள் பெற்றீர்களா என்பது முதல் கேள்வி.

அவ சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “ஓம் மகள், எடுத்தன். மகன் செத்துப்போனான் எண்டு கையெழுத்து வெச்சுத்தான் எடுத்தன். கடைசியாக் கண்டது எப்ப எண்டு கேட்டாங்க. அவன் வீட்ட விட்டுப் போன நாளச் சொன்னன். மறுகா ஒண்டும் கேக்கல்ல.”

மகன் கோகுலன். வன்னியில் கடைசிச் சண்டை நடந்தபோது அங்கே இருந்தவன். என்ன பத்திரங்கள் கொடுத்தீர்கள், எத்தனை நாளில் கிடைத்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னா. எழுதி முடித்துப் பேனையை மூடியபோது, “குடும்ப அட்டையக் கொண்டு வா, பேர வெட்டணும் எண்டாங்க. அட்ட துலைஞ்சு போச்செண்டு சொன்னன்” என்றா. பிறகு உள்ளே போய், சொப்பிங் பையில் சுற்றிவைத்திருந்த அந்த அட்டையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தா. மூன்றாவது வரியில் அவன் பெயர் வெட்டுப்படாமல் இருந்தது. “இத மட்டும் எழுதிராத” என்றா.

உனக்கும் ஆரும் போனாங்களா என்று அவ கேட்டா. சுனாமியில் மகள் போனாள், நாலு வயது, மையித்துக் கிடைக்கவில்லை என்று சொன்னேன். “நீ பதிஞ்சு மரணப் பத்திரம் எடுத்தியா?” என்று கேட்டா. இல்லை என்றேன். ஏன் என்று கேட்டா. அவளின் வாப்பாவுக்கு விருப்பமில்லை என்றேன். “உனக்கு?” என்று கேட்டா. நான் கேள்வித்தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழும்பினேன்.

எனக்கு அழுகை வரவில்லை மச்சான். இந்த ஆறு வருடமாக எதுவும் வருவதில்லை. திரும்பி வரும்போது அக்கரைப்பற்றில் இறங்கி மாமிக்குக் குளிசை வாங்கினேன். முட்டையும் வாங்கினேன். அடுத்த நாள் கந்தோரில், பெற்றவர் உறுதிப்படுத்தினார் என்ற கட்டத்தில் ஓம் என்று எழுதினேன். வேறு ஏதும் சொன்னாவா என்று சேர் கேட்டார். இல்லை என்றேன். அன்று பின்னேரமே பக்கம் வெளியாகிவிட்டது. இதுவரை நிறையப் பேர் பார்த்திருக்கிறார்கள்.

அதன் பிறகு நமக்கான மரணப் பதிவுப் படிவத்தையும் எடுத்தேன். கடலில் போனவர்களை இன்னும் பதியலாம் என்று உத்தியோகத்தர் சொன்னார். காசுக்காக இல்லை. அவர்கள் தருவதும் வேண்டாம். அந்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் சந்தைக்குப் போயிருந்தீர்கள். பிள்ளை என்னோடு இருந்தாள். அதை நீங்கள் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. எதையுமே சொன்னதில்லை. அது நடந்து ஏழாம் மாதம் டோஹாவுக்குப் போனீர்கள். இரண்டு தரம் வந்து போனீர்கள். அவளுடைய பேச்சு ஒருதரமும் வரவில்லை. நீங்கள் ஏசியிருந்தால்கூட நான் கேட்டுக்கொண்டிருந்திருப்பேன்.

படிவம் முழுவதையும் நிரப்பிவிட்டேன். திகதி, இடம், தாயின் பெயர், கடைசியாகக் கண்டவர் யார் என்ற கட்டத்தில் என் பெயர். பிள்ளையின் பெயர் மட்டும்தான் மிச்சம். பிறப்புப் பதிவில் உள்ளபடி எழுத வேண்டும் என்று போட்டிருக்கிறது. அன்றைக்கு நான் பிள்ளை பெற்ற நாற்பது நாளுக்குள் இருந்தேன், நீங்கள்தான் தனியாகப் போய்ப் பதிந்தீர்கள். பாத்திமா என்று முன்னால் சேர்த்தீர்களா, அல்லது வீட்டில் கூப்பிட்ட பெயரையே கொடுத்தீர்களா என்று எனக்கு ஞாபகமில்லை. பத்திரம் வீட்டோடு போய்விட்டது.

பதிவாளர் கந்தோரில் பிறந்த திகதியைச் சொன்னால் அரை மணித்தியாலத்தில் தேடித் தருவார்கள். அது எனக்கு நன்றாகத் தெரியும், என் வேலையே அதுதானே. ஆனால் நான் போகவில்லை. போகவும் மாட்டேன். நீங்கள் எழுதி அனுப்புங்கள். கையெழுத்து வைக்க வேண்டுமா, வேண்டாமா என்று பிறகு பேசுவோம். வேண்டாம் என்றால் படிவத்தைக் கிழித்துப் போடுகிறேன், உங்கள் மீது ஒரு கோபமும் இல்லை. அவளுடைய பெயரை மட்டும் உங்கள் கையால், முழுதாக, ஒருதரம் எழுதி அனுப்புங்கள். வேறு ஒரு வரியும் எழுதாவிட்டாலும் பரவாயில்லை.

வேளைக்குச் சாப்பிடுங்கள். தொழுகையில் என்னை மறக்காதீர்கள். உங்களுக்கும் எனக்கும் நம் பிள்ளைக்கும் அல்லாஹ் ரஹ்மத் செய்வானாக.

உங்கள் பதிலுக்காக இருக்கும்,
ஸகியா